கொடித்தாய் கேட்கும் நாள்

அத்தியாயம் பதினான்கு

காலையில் புர்கல் தொழுவத்திலிருந்து திரும்பி வந்தபோது சமையலறை மேஜையில் நாடா விரிந்து கிடந்தது.

வெள்ளைப் பட்டு. ஓரத்தில் பொன்னிற இழை. கன்னிமடத்தில் கொடுத்துத் தைத்து வாங்கியது. நடுவில் தீயணைப்புச் சங்கத்தின் முத்திரை. அதன் கீழே அவள் கணவன் ரூபர்ட் பிரெக்ட்லின் பெயர். பெயருக்குக் கீழே ஒரு வரி: 'பிறர் உயிர் காக்கத் தன்னுயிர் தந்தவன்.'

மேஜையின் அந்தப் பக்கம் மாமனார் எம்மராம் காபி குடித்துக்கொண்டிருந்தார். சிந்திவிடக் கூடாது என்று குவளையை நாடாவுக்கு எட்டாத தூரத்தில் வைத்திருந்தார். மகன் உயிரோடு இருந்தபோது அவனுடைய எந்தப் பொருளிடமும் அவர் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்ததில்லை.

புர்கல் கையைத் துடைக்கவில்லை. கை ஈரமாக இருந்தால் அதைத் தொடாமல் இருக்க ஒரு சாக்கு கிடைக்கும்.

"மாமா, எனக்கு வேண்டாம்."

எம்மராம் தலையாட்டினார். "நல்லாச் சொல்றே. சாயங்காலமும் இதே மாதிரிச் சொல்லு. இன்னும் கொஞ்சம் சத்தமா."

ஜூனில் மூசென்ரீட் தீயணைப்புச் சங்கத்துக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. மூன்று நாள் பீர் விழா. கூடாரம் பேசியாயிற்று. வாத்தியக்காரர்களுக்கு முன்பணம் போயிற்று. விழாவுக்கென்று சற்றுக் கடுமையான பீர் ஆலையில் ஊறத் தொடங்கிவிட்டது. மிச்சம் இருந்தது கொடித்தாய் மட்டும்தான். சங்கத்தின் கொடிக்கு நாடா கட்டி, மேடையில் நின்று செய்யுள் சொல்லி, ஊர்வலத்தில் முதல் வரிசையில் நடக்கிற பெண். எங்கள் பக்கத்தில் பீர் இல்லாமல் விழா நடத்துவதும் ஒன்று, கொடித்தாய் இல்லாமல் நடத்துவதும் ஒன்று.

கேட்ட உடனே சரி என்று சொல்லும் பெண்ணுக்கு மரியாதை கிடையாது. சங்கத்து ஆண்கள் அவள் வீட்டு முற்றத்தில், பிளந்த விறகின் கூரான விளிம்பில் முட்டிபோட்டுக் கெஞ்ச வேண்டும். அவள் மூன்று முறை மாட்டேன் என்பாள். நான்காவது முறை சரி என்பாள். பீப்பாயைத் திறப்பார்கள். அவள் பேசுகிற மூன்று 'மாட்டேன்'களுக்கும் ஊர் கைதட்டும். நிஜமாகவே மறுத்த பெண் இதுவரை இல்லை. அப்படி ஒருத்தி மறுத்தால் அது எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

போன ஞாயிறுவரை புர்கலும் சம்மதமாகத்தான் இருந்தாள். ஞாயிறன்று பால் கறக்கும் நேரத்தில் கொழுந்தன் குவிரின் வந்து, பசுவின் முதுகைப் பார்த்தபடி சொன்னதை நாமும் கேட்டோம். நீட்டிச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. போன அக்டோபர் மாதம். சத்திரத்தில் சீட்டாட்ட மேஜை. எம்மராம், மகன்கள் இருவர், சங்கத்துப் பாட்டுக்காரன் பிளாசி என்று நான்கு பேர். ரூபர்ட் மதியத்திலிருந்தே குடித்துக்கொண்டிருந்தான். இடுப்பில் இருந்த தீ அழைப்புப் பேஜர்கள் அலறின. எம்மராம் கையில் அன்று நல்ல சீட்டு. கார் சாவியை மேஜைமேல் ரூபர்ட் பக்கம் தள்ளிவிட்டு, நீ முன்னாடி போ, இந்த ஆட்டத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

ரூபர்ட் தீயணைப்பு நிலையம்வரைகூடப் போகவில்லை. தேவாலய வளைவில் இருந்த மரம் அவனை நிறுத்திவிட்டது. முதியோர் இல்லத்தில் தீ என்று வந்த அழைப்பு அது. மற்றவர்கள் போய்ப் பார்த்தால் அடுப்பில் ஒரு பால் பாத்திரம் தீய்ந்து கிடந்தது.

அவன் இரத்தத்தில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. பணிக்குப் போகும் வழியில் இறந்தான் என்று கல்லில் பொறித்தார்கள். இப்போது பட்டிலும் பொறித்துவிட்டார்கள்.

ரெசி மாடியிலிருந்து புத்தகப் பையோடு இறங்கி வந்தாள். புர்கலின் மகள். எட்டு வயது. நாடாவைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்தாள். பிறகு, மேடையில் அம்மா பக்கத்தில் நின்று தான் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துவிட்டதாகச் சொல்லி, நிமிர்ந்து நின்று ஒப்பித்தாள்.

"எங்கப்பா தீயப் பாத்துப் பயப்படல. உள்ள போய் எல்லாத் தாத்தா பாட்டியையும் தூக்கிட்டு வந்தாரு."

"யார் சொல்லிக் குடுத்தது?" என்றாள் புர்கல்.

"தாத்தா."

எம்மராம் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை ரெசி அறுபது வருஷம் நம்பிக்கொண்டிருப்பாள். அல்லது பதினெட்டு வயதில் ஏதோ ஒரு பீர் கூடாரத்தில், வாய் குழறும் ஒருவனிடமிருந்து உண்மையைக் கேட்பாள். அன்று திரும்பி வந்து, அம்மா, நீயும்தானே மேடையில் என் பக்கத்தில் நின்றாய் என்பாள். புர்கலுக்கு இந்த இரண்டும் வேண்டாம். அவள் கேட்டது அவ்வளவுதான். அதைக் கேட்பதற்கு இந்த ஊரில் வழி இல்லை.

*

பகல் முழுக்கத் தூறல். ஊர் முகப்பில், பெரிய சாலை திரும்பும் இடத்தில் வைக்கோல் உருளைகளை அடுக்கிப் பொம்மை செய்துகொண்டிருந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கையில் பீர் குவளை, வயிற்றில் விழாத் தேதி. ஆண் பொம்மைக்குத் தீயணைப்பு வீரனின் தலைக்கவசம். குவிரின் ஏணியில் நின்று அதற்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தான்.

பொம்மைக்கு யாரோ மீசை வைத்திருந்தார்கள். ஓரத்தில் கீழே தொங்குகிற மீசை. மூசென்ரீட்டில் அப்படி மீசை வைத்திருந்தவன் ரூபர்ட் ஒருவன்தான்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அது யார் வேலை என்று கேட்டாள் புர்கல்.

"பிளாசி. நல்ல எண்ணத்துலதான் அண்ணி."

"உங்க எல்லாருக்கும் எண்ணம் மட்டும் நல்லாத்தான் இருக்கு."

குவிரின் இறங்கி வந்தான். முப்பத்திரண்டு வயது. ரூபர்ட் போனதும் சங்கத்தின் தளபதிப் பதவி அவனுக்கு வந்தது. உடம்புக்குப் பெரிதாக இருக்கும் மேலங்கியைப் போட்டவன்போல அந்தப் பதவிக்குள் இருந்தான்.

தான் நிஜமாகவே மறுப்பதை அப்பாவிடம் சொல்லும்படி அவனைக் கேட்டாள். தான் சொன்னால் அவர் அதை நடிப்பு என்கிறார், மகன் சொன்னால் கேட்பார் என்றாள். குவிரின் தூரிகையை வாளியின் விளிம்பில் வழித்தான். மறுபடி வழித்தான். ஏன் மறுக்கிறாள் என்று அப்பா கேட்பார் என்றான்.

"கேக்கட்டும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பாரு."

"அதையும் கேக்கட்டும்."

"நான் அந்த வீட்டுல இருக்கணும் அண்ணி."

"நான் மட்டும் எங்க இருக்கேன்?"

சாலையில் போன பால் வண்டி ஹாரன் அடித்தது, பொம்மைக்குத்தான். உள்ளிருந்தவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். குவிரின் பழக்கத்தில் பதிலுக்கு உயர்த்தினான். பிறகு வெட்கப்பட்டுக் கையை இறக்கினான்.

ஆறு மணிக்குள் பேசிவிடுவதாகச் சொன்னான். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தான். அதனால் அவள் நம்பினாள். நம்பியது அவள் தப்பு.

*

ஆறு மணிக்கு வாத்தியம் கேட்டது.

முதலில் வாத்தியக்காரர்கள். பின்னால் கைவண்டியில் பீப்பாய். அதற்குப் பின்னால் சங்கத்து ஆண்கள் சீருடையில், ஆளுக்கொரு விறகைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார்கள். பிறகு ஊர். குடையோடு வந்தவர்கள், தொட்டுக்கொள்ள முள்ளங்கியும் பிரெட்சல் ரொட்டியும் கூடையில் கொண்டுவந்தவர்கள், சும்மா வந்தவர்கள். முற்றம் நிறைந்துவிட்டது.

மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. கறவை நேரம் தாண்டிவிட்டது.

புர்கல் விழாப் பாவாடை உடுத்தவில்லை. தொழுவ உடையில், ரப்பர் பூட்ஸோடு படியில் வந்து நின்றாள். இதைப் பார்த்தாவது புரிந்துகொள்வார்கள் என்று நினைத்திருந்தாள். முற்றம் சிரித்தது. போன விழாவில் கொடித்தாய் தலையில் துண்டு கட்டிக்கொண்டு காய்ச்சல் என்று நடித்தாள், அதைவிட இது பிரமாதம் என்று பேக்கரி ஓட்டிலி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

ஆண்கள் விறகைக் கீழே வைத்துக் கூரான பக்கத்தில் முட்டிபோட்டார்கள். நடுவில் எம்மராம். சங்கத் தலைவர் நடுவில்தான் இருக்க வேண்டும். அறுபத்தெட்டு வயது, ஒரு முட்டி அறுவை செய்தது. வலி முகத்தில் தெரிந்தது. தெரிய வேண்டும், அதுவும் வழக்கம். குவிரின் வரிசையின் கடைசியில் இருந்தான்.

பிளாசி எழுந்து நின்றான். கல்யாணம், ஞானஸ்நானம், விழா என்று எதுவானாலும் பாட்டுக் கட்டுகிறவன் அவன்தான்.

"மாட்டுச் சாணி மணக்கிற மகராசி,
மண்டியிட்டுக் கேக்கிறான் பிளாசி.
கொடிக்கு ஒரு தாய் வேணும்,
குனிஞ்சு நீ சம்மதம் சொல்ல வேணும்."

"மாட்டேன்," என்றாள் புர்கல்.

வாத்தியக்காரர்கள் ஒரு முழக்கம் கொடுத்தார்கள். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒன்று. கைதட்டல்.

பிளாசி இரண்டாவது பாட்டில் பீரையும், நல்ல தொத்திறைச்சியையும், ஊர்வலத்தில் முதல் இடத்தையும் தருவதாகச் சொன்னான். மாட்டேன் என்றாள். முழக்கம். மூன்றாவது பாட்டில் ரூபர்ட் வந்தான். மேகத்தில் உட்கார்ந்து மனைவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றான் பிளாசி. குரல் நிஜமாகவே கம்மியது. பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

"மாட்டேன். நிஜமா மாட்டேன்."

இந்த முழக்கம் நீளமாக இருந்தது. மூன்று முடிந்துவிட்டதல்லவா. கைவண்டிக்காரன் பீப்பாயின் குழாயில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றான்.

எம்மராம் நிமிர்ந்து, வழக்கமான சொற்களில் வழக்கமான கேள்வியைக் கேட்டார். சங்கத்துக்குக் கொடித்தாயாக இருக்க உனக்குச் சம்மதமா?

"இல்ல."

ஒரு கணம் சலசலப்பு. பிறகு சந்தோஷம். நான்காவது முறையும் மறுக்கிறாள், பேரம் ஏற்றுகிறாள். இன்னும் கூரான விறகு கொண்டு வாருங்கள் என்று பின்னாலிருந்து யாரோ ஒருவன் கத்தினான். முற்றம் முழுக்கச் சிரித்தது. எம்மராமும் சிரித்தார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "போதும் புர்கல். முட்டி விட்டுப் போச்சு," என்றார்.

அவர் குரலில் மிரட்டல் இல்லை. கெஞ்சலும் இல்லை. அவள் விளையாடுகிறாள் என்றே இன்னும் நம்பினார்.

புர்கல் குவிரினைப் பார்த்தாள். அவன் தொடைமேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் இடுக்கில் சிவப்பு வண்ணம் இருந்தது. பேசவில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. பேசப்போவதும் இல்லை.

படியிலிருந்து இறங்கினாள். சுவரோரம் அடுக்கியிருந்த விறகில் ஒன்றை உருவினாள். அதை எம்மராமுக்கு எதிரே சேற்றில் போட்டு, கூரான பக்கத்தை மேலே திருப்பி, அதன்மேல் முட்டிபோட்டாள்.

கொடித்தாய் முட்டிபோடுவது கிடையாது. சிரிப்பு அங்கங்கே அறுந்தது. பெரிய குழல்காரன் வாயை வைக்கப் போனான். பக்கத்தில் இருந்தவன் அவன் கையைப் பிடித்தான். மாடுகள் மட்டும் கத்தின.

"மாமா, நான் கேக்கறேன். என்னை விட்டுடுங்க."

"எழுந்திரு. இது உன் இடம் இல்ல."

"முட்டிபோட்டவங்க கேட்டதக் குடுக்கணும். அதான நம்ம வழக்கம்?"

"மூணு தடவ மறுக்கலாம்," என்றான் பிளாசி. வாய்ப் பழக்கம். சொன்னவுடனே, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவன் முகம் சொன்னது.

"சரி, மறுங்க," என்றாள் புர்கல். எம்மராமைத் தவிர வேறு யாரையும் அவள் பார்க்கவில்லை. "ஒவ்வொரு தடவையும் நான் ஒரு காரணம் சொல்றேன். முதல் காரணம் ஒரு சீட்டாட்டம்."

எம்மராமின் முகம் மாறுவதை முற்றத்தில் மூன்று பேர்தான் புரிந்துகொண்டிருக்க முடியும். மற்றவர்களுக்கு, முட்டி வலியில் ஒரு கிழவர் கண்ணை மூடித் திறந்ததாகத்தான் தெரிந்திருக்கும்.

"விட்டாச்சு," என்றார்.

மழைச் சத்தத்தில் பாதிப் பேருக்கு அது கேட்கவில்லை. திரும்பச் சொன்னார். "புர்கல் மாட்டேங்குது. துக்கம் இன்னும் ஆறல. விட்டுடுவோம்."

துக்கம் என்ற சொல் ஊருக்குப் போதுமானதாக இருந்தது. ஆமாம் ஆமாம் என்றார்கள். பாவம் என்றார்கள். கூடையில் பிரெட்சல் நமத்துக்கொண்டிருந்தது. ஆண்கள் முட்டியைத் தேய்த்தபடி எழுந்து கூடிப் பேசினார்கள். விழா நடந்தாக வேண்டும். பேக்கரி ஓட்டிலியின் பெயரை யாரோ சொன்னார்கள். அவளைத் தேடினால் முற்றத்தில் இல்லை. விழாப் பாவாடை உடுத்திக்கொள்ள முன்னமே வீட்டுக்கு ஓடிவிட்டிருந்தாள்.

வாத்தியம் திரும்பியது. கைவண்டி திரும்பியது. ஊர் பின்னால் போயிற்று.

ரெசி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை போட்டு, தலையை அவளே பின்னியிருந்தாள்.

"அப்போ நான் மேடையில சொல்ல வேணாமா?"

"வேணாம்டி."

"நீ அப்பாவுக்காக ஒண்ணுமே பண்ண மாட்டே."

கதவைச் சாத்திய சத்தம் தொழுவம்வரை கேட்டது. புர்கல் பின்னால் போகவில்லை. போய் என்ன சொல்வது? ஒரு பொய்யை எடுத்துவிட்டாள், அந்த இடத்தில் வைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

எம்மராம் போகவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றார்.

"அந்த மேஜையில நாலு பேருதான் இருந்தோம்," என்றார். "உனக்கு யார் சொன்னது?"

விறகுகளைப் பொறுக்கக் குவிரின் திரும்பி வந்திருந்தான். சங்கத்து விறகு. ஓட்டிலி வீட்டு முற்றத்தில் வேண்டும். மூன்றடி தூரத்தில் குனிந்திருந்தான். கேள்வி அவன் காதில் விழாமல் இருக்க வழியில்லை.

புர்கல் அவனுக்கு நேரம் கொடுத்தாள்.

குவிரின் ஒவ்வொன்றாக எடுத்து இடது கையில் அடுக்கினான். அவள் முட்டிபோட்ட விறகையும் எடுத்தான். பார்த்தான். இது சங்கத்துடையது இல்லை என்று கண்டு, சுவரோர அடுக்கில் கொண்டுபோய்ச் செருகினான்.

"அப்பா, எல்லாரும் பேக்கரிகிட்ட போயிட்டாங்க. நீங்க இல்லாம ஆரம்பிக்க மாட்டாங்க," என்றான். போய்விட்டான்.

எம்மராம் அவன் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சீட்டு எண்ணத் தெரிந்தவர் அவர். நான்கு பேரில் ஒருவன் மண்ணுக்குள். ஒருவர் அவரே. மிச்சம் இரண்டு பேர். ஒருவன் பெற்ற மகன்.

தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"பிளாசி," என்றார். "குடிச்சா அவன் வாய் நிக்காது. முப்பது வருஷமா தெரியும் எனக்கு. சங்கத்துல அவனுக்கு இனிமே என்ன இருக்குன்னு பாத்துடறேன்."

மேஜையில் கூட இருந்ததைத் தவிர பிளாசி எதுவும் செய்யவில்லை. ஏழு மாதம் வாயைத் திறக்காமல் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தவன். சங்கத்தை விட்டால் அவனுக்கு இந்த ஊரில் போக ஓர் இடம் கிடையாது.

அவன் இல்லை மாமா என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் அடுத்து ஒரு பெயர்தான் மிச்சம் இருக்கும். அந்தப் பெயர் ராத்திரி அதே மேஜையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சூப் குடிக்கும்.

காலையிலிருந்து இல்லை, மாட்டேன் என்றே பேசிக்கொண்டிருந்தவள் அங்கே வாயைத் திறக்கவில்லை. கிழவர் நொண்டிக்கொண்டு வாசலைத் தாண்டும்வரை நின்றாள். பிறகு பூட்ஸைச் சுவரில் தட்டிச் சேற்றை உதிர்த்துவிட்டு, பால் கறக்கப் போனாள்.